மாட்டு ரப்பர் மேட், பைக் டியூப், கொஞ்சம் கயிறு: பேட்டிங் ஸ்டான்ஸ் பழக வீட்டிலேயே ஒரு கருவி

பேஸ்பாலோ சாஃப்ட்பாலோ ஆட வரும் பிள்ளைக்கு முதலில் பேட், கிளவுஸ், ஹெல்மெட் வாங்கவே வீட்டில் யோசிப்பார்கள். அதற்கு மேல் பயிற்சிக் கருவி என்று போய் நின்றால் முகம் மாறிவிடும். பேட்டைப் பிடித்து அடிக்கத் தயாராக நிற்கும் நிலைதான் ஸ்டான்ஸ். அதைப் பழக ஆன்லைனில் ஸ்டான்ஸ் மேட் என்று ஒன்று கிடைக்கிறது. ரப்பர் விரிப்பில் இரண்டு பாதமும், அடிப்பவருக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கும் ஐந்து பக்கத் தகடான ஹோம் பிளேட்டும் வரைந்திருக்கும். விலையை விடுங்கள், எனக்கு அதில் வேறு ஒரு குறை. பாதம் வரைந்திருந்தால் பிள்ளை குனிந்து அதைப் பார்க்கும். பார்த்துப் பார்த்தே கால் வைக்கப் பழகும். ஆட்டத்தில் கண் இருக்க வேண்டிய இடம், பந்தை எறியும் பிட்சரின் கை.

பெண்கள் சாஃப்ட்பாலில் பிட்சர் நிற்கும் தூரம் 43 அடி. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து அரை நொடிக்குள் பிளேட்டைத் தாண்டிவிடும். பேஸ்பாலில் தூரம் 60 அடி 6 அங்குலம். வேகமும் கூடுதல் என்பதால் கணக்கு கிட்டத்தட்ட அதேதான். இதற்குள் கால் சரியாக இருக்கிறதா என்று குனிய நேரம் ஏது? அதனால் அடையாளம் கண்ணுக்கு வேண்டாம், காலுக்கு இருக்கட்டும். இங்கே சொல்லப்போகும் கருவியின் சூட்சுமம் இவ்வளவுதான்.

என்னென்ன வேண்டும்

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், மீனாட்சிபுரம் என்று எங்கள் கேரள–தமிழ்நாடு எல்லைப் பக்கம் மாடு இல்லாத தெரு குறைவு. கட்டுத்தரையில் மாடு வழுக்காமல் இருக்கப் போடுகிற கனத்த ரப்பர் மேட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முழு மேட் பொதுவாக நாலடி அகலம், ஆறரை ஏழடி நீளம் இருக்கும். நமக்கு நாலடிக்கு மூன்றடித் துண்டு போதும். ஓரம் கிழிந்ததால் கழற்றிப் போட்ட பழைய மேட் கிடைத்தால் இன்னும் நல்லது. சாணி போகக் கழுவி இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள்.

பிளைவுட்டிலும் செய்யலாம்தான். ஆனால் ஜூன் மாதம் மழை பிடித்தால் ஊதிப் பெருத்துவிடும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு. அந்தக் காற்றில் ஃப்ளெக்ஸ் பேனரே நிற்காது, மெல்லிய யோகா மேட்டெல்லாம் எங்கே நிற்கும்? மாட்டு மேட் போட்ட இடத்தில் கிடக்கும். தூக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும்.

அப்புறம் பஞ்சர் கடையில் பழைய பைக் டியூப் ஒன்று. பைக் டியூப்தான் வேண்டும். சைக்கிள் டியூப் இந்த மேட்டைச் சுற்றித் தொளதொளவென்று நிற்கும், ஸ்கூட்டர் டியூப் எட்டாது. சுண்டு விரல் தடிமனில் தென்னங்கயிறு ஆறடி, சாக்பீஸ், அளவு டேப், புதுப் பிளேடு போட்ட பேப்பர் கட்டர். முடிந்தது.

மேட்டை வெட்டுவது

நாலடிக்கு மூன்றடி அளந்து சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு நேர் கீழே ஒரு மரச்சட்டத்தை வைத்தால் மேட் அந்த இடத்தில் லேசாக வளைந்து, கத்தி இறங்க இறங்கப் பிளவு தானாகத் திறக்கும். பிளேடைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் ரப்பர் பிளேடைக் கவ்விப் பிடிக்கும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்க்காமல் அதே கோட்டில் ஏழெட்டு முறை இழுங்கள். இதைப் பெரியவர்கள் செய்யட்டும். கத்தி இழுக்கும் திசையில் கை, கால் இருக்கக் கூடாது.

மூன்றடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பந்தை அடிக்கும் பேட்டர் நிற்க வேண்டிய கட்டம்தான் பேட்டர்ஸ் பாக்ஸ். சாஃப்ட்பாலில் அதன் அகலம் 3 அடி, நீளம் 7 அடி. பிளேட்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவே 6 அங்குலம். மேட்டைப் பிளேட்டிலிருந்து 6 அங்குலம் தள்ளிப் போட்டால் மேட்டின் அகலமே பாக்ஸின் அகலம் ஆகிவிடும். முழுப் பாதமும் பாக்ஸுக்கு வெளியே தரையில் இருக்கப் பந்தை அடித்தால் பேட்டர் அவுட், பேஸ்பாலிலும் அப்படித்தான். மேட்டை விட்டுக் கால் இறங்கினால் அவுட் என்று பழக்கிவிட்டால் பிறகு மைதானத்தில் அழ வேண்டியதில்லை. பேஸ்பால் பாக்ஸின் அகலம் 4 அடி, நீளம் 6 அடி. பேஸ்பால் ஆடுபவர்களுக்கும் இந்த மேட் ஒத்துவரும், ஓரடி குறுகலாகப் பழகுவதில் நஷ்டமில்லை.

ஹோம் பிளேட்

மிச்ச மேட்டில் 17 அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். இடது வலது பக்கங்களில் பாதி உயரத்தில், அதாவது எட்டரை அங்குலத்தில், ஒவ்வொரு புள்ளி. கீழ்ப்பக்கத்தின் நடுவில் ஒரு புள்ளி. கீழ்ப் புள்ளியிலிருந்து மற்ற இரண்டுக்கும் கோடு போட்டு மூலைகளை வெட்டிவிட்டால் ஐந்து பக்கப் பிளேட் ரெடி. சாய்ந்த பக்கங்கள் இரண்டும் 12 அங்குலம் வரும். விதியில் உள்ள அளவும் அதுதான். கூர் முனை, பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் பக்கம்; 17 அங்குல நேர்ப்பக்கம் பிட்சரைப் பார்த்து.

காலுக்குத் தெரியும் கோடு

பைக் டியூப்பின் வால்வுப் பகுதியை விட்டுவிட்டு, வெளிச்சுற்றை ஒட்டி, இரண்டு விரல் அகலத்தில் வளையமாக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் சின்னச் சின்ன வளையல்தான் வரும். டியூப் ஓடும் போக்கிலேயே சுற்றி வெட்ட வேண்டும். இப்படி இரண்டு வளையம் எடுங்கள்.

இந்த வளையத்தை இழுத்து, மேட்டின் மூன்றடி அகலத்தைச் சுற்றி மாட்டுங்கள். விறைப்பாகப் பிடிக்கும், ஆனால் இழுத்தால் நகரும். பசை, ஆணி எதுவும் வேண்டாம். கயிற்றை மூன்றடித் துண்டாக நறுக்கி, மேல்பக்கம் வளையத்துக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். இப்போது மேட்டின் குறுக்கே ஒரு வரப்பு கிடைத்துவிட்டது. இன்னொரு வளையத்துக்கும் அப்படியே.

கயிறு சுண்டு விரலுக்கு மேல் தடிக்கக் கூடாது. தடித்தால் தடுக்கி விழுவார்கள். காலில் தெரிந்தால் போதும். இரண்டு கால்களையும் கயிற்றால் பிணைத்துக் காலடியைக் குறுக்கும் கருவி ஒன்றும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு அது எனக்குப் பிடிப்பதில்லை. நிலை தடுமாறினால் ஊன்ற ஒரு கால் சும்மா இருக்க வேண்டும்.

ஆளுக்குத் தக்கபடி அளவு வைப்பது

மேட்டின் நாலடி நீளம் பிட்சர்–கேட்சர் திசையில் இருக்கட்டும். வலக்கை ஆட்டக்காரர் பிளேட்டைப் பார்த்து நின்றால் இடது தோள் பிட்சர் பக்கம். பிட்சர் பக்கத்துக் கால்தான் முன்கால், கேட்சர் பக்கத்துக் கால் பின்கால். இடக்கை ஆட்டக்காரருக்கு மேட்டைத் தூக்கிப் பிளேட்டின் அந்தப் பக்கம் போட்டால் சரி.

கால் இரண்டையும் தோள் அகலத்துக்கு வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு காலையும் நாலு விரற்கடை வெளியே நகர்த்தட்டும். பின்கால் பாதத்தின் வெளி ஓரத்தில் ஒரு வளையம், முன்கால் பாதத்தின் வெளி ஓரத்தில் மற்றது. இரண்டு வரப்புக்கு நடுவே பிள்ளை நிற்கிறது. முன்கால் பிளேட்டின் நடுவுக்கு நேராக வருமாறு மேட்டை முன்னே பின்னே தள்ளிக்கொள்ளுங்கள். ஆளைப் பொறுத்துப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து பிளேட்டுக்கு எவ்வளவு கிட்டே நிற்பது. இடுப்பை மடக்கிக் குனிந்து, பேட்டின் நுனியால் பிளேட்டின் எதிர்ப்பக்க ஓரத்தைத் தொடச் சொல்லுங்கள். தொட்டால் சரி. நுனி ஓரத்தைத் தாண்டிப் போனால் ரொம்பக் கிட்டே நிற்கிறார்கள், எட்டாவிட்டால் ரொம்பத் தள்ளி. பேட்டைக் கால் விரல்களுக்கு முன்னால் கீழே வைத்துப் பாருங்கள். இரண்டு கால் விரலும் அதைத் தொட்டால் பாதம் நேராக இருக்கிறது. முன்காலைத் திறந்து வைப்பதும் மூடி வைப்பதும் பிற்பாடு அவரவர் வசதி, முதல் மாதத்தில் நேர் ஸ்டான்ஸ் போதும்.

இனி நிற்கலாம்

வெறுங்காலோடு ஆரம்பியுங்கள். கயிறு நன்றாகத் தெரியும்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் கிரிக்கெட்டிலிருந்து வருகிறவர்கள்தான். வந்தவுடன் காலை ஒட்டி வைத்து, பேட்டைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களிடம் முட்டியை மடக்கு, எடையைப் பாதத்தின் முன்பகுதியில் வை என்று பாடம் நடத்தினால் விறைத்துப் போவார்கள். ரெய்டர் உள்ளே வரும்போது கபடியில் எப்படி நிற்பாய், அப்படி நில் என்றால் உடனே வந்துவிடுகிறது: முட்டி லேசாக மடங்கி, குதிகால் அழுத்தாமல், எந்தப் பக்கமும் சாயத் தயாராக. நெஞ்சில் இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். பின்னால் சாய்ந்தால் எடை குதிகாலில் இருக்கிறது.

கை. வலக்கை ஆட்டக்காரருக்கு இடது கை பேட்டின் அடிக்குமிழை ஒட்டி, வலது கை அதற்கு மேலே. இரண்டு கையும் ஒட்டி இருக்க வேண்டும். பேட்டை உள்ளங்கையில் புதைக்காமல் விரல்களில் பிடியுங்கள். கதவைத் தட்டும்போது எந்த மூட்டு படுமோ, இரண்டு கையிலும் அந்த மூட்டுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில் வரட்டும். பிடி இறுகினால் தோளும் சேர்ந்து இறுகும்.

கைகள் பின்தோளுக்குப் பக்கத்தில், தோள் உயரத்தில். பேட் நட்டமாகவும் வேண்டாம், படுக்கையாகவும் வேண்டாம், நடுவாந்தரமாகச் சாயட்டும். “பின் முழங்கையைத் தூக்கு, தூக்கு” என்று கத்தும் பழக்கம் பல மைதானங்களில் உண்டு. புதிதாகக் கற்பவருக்கு அது வேண்டாம் என்பேன். முழங்கை உயர உயரப் பேட் கீழே இறங்கி வரத் தாமதமாகும்.

ஒரு பையன் கேட்டான்: “பேட்டைத் தூக்கிட்டே நின்னா கை வலிக்குதுங்க டீச்சர்.” ஏன் முதலிலிருந்தே தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும்? பிட்சர் தயாராகும் வரை பேட் தோளில் சாய்ந்திருக்கட்டும். அவர் கையை அசைக்கத் தொடங்கும்போது தூக்கினால் போதும்.

தலைதான் முக்கியம். உடம்பு பிளேட்டைப் பார்த்தாலும் முகம் முழுதாகப் பிட்சரைப் பார்க்க வேண்டும். பிட்சர் பக்கத்துக் கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு மறைக்கிறது என்றால் தலை பாதிதான் திரும்பியிருக்கிறது.

பழக்கும் விதம்

பிட்சர் நிற்கும் திசையில் இன்னொரு பிள்ளையை நிறுத்துங்கள். தூரம் பதினைந்து அடி போதும். பேட்டர் மேட்டுக்கு வெளியே நிற்கட்டும். எதிரே நிற்பவர் விரல்களை மாற்றி மாற்றிக் காட்ட, பேட்டர் எண்ணை உரக்கச் சொல்லிக்கொண்டே மேட்டில் ஏறி, பின்காலால் கயிற்றைத் தேடி, முன்காலால் கயிற்றைத் தேடி, பேட்டைத் தூக்க வேண்டும். குனிந்து பார்த்தால் எண்ணைத் தவற விடுவார்கள், உடனே மாட்டிக்கொள்வார்கள். முதலில் “கீழ பாக்காம எப்படி டீச்சர் நிக்கறது?” என்று முனகுவார்கள். விளையாட்டு பிடித்துவிட்டால் அவர்களே ஒருவரையொருவர் பிடித்துக் கொடுக்கிறார்கள். ஏறி, நின்று, இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஒரே இடத்தில் நின்றுகொண்டே இருந்தால் இறங்கியவுடன் மறந்துவிடும்.

இது கைவந்த பிறகு காலடிக்குப் போகலாம். முன் வளையத்தை மட்டும் பிட்சர் பக்கம் அரை அடி தள்ளுங்கள். இப்போது முன்கால் மெதுவாக எழுந்து, பிட்சரை நோக்கி நகர்ந்து, கயிறு தொடும் இடத்தில் நிற்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்து குத்தும் இடத்துக்குக் காலை நீட்டிப் போய்ப் பழகியவர்கள் கயிற்றைத் தாண்டி ஒரு முழம் போவார்கள். கால் நீளமாகப் போனால் தலையும் கூடவே கீழிறங்கும். பந்து திடீரென்று மேலே ஏறியது போலத் தெரியும். சாஃப்ட்பாலில் கீழிருந்து வரும் பந்துக்கு இது பெரிய தொல்லை. கைகள் பின்னாலேயே இருக்க, கால் மட்டும் போகட்டும்.

பின்காலுக்கும் அந்தக் கயிறு ஒரு வேலை செய்கிறது. மெதுவாகப் பேட்டைச் சுழற்றும்போது பின்பாதம் முன்பகுதியில் திரும்பி, குதிகால் எழ வேண்டும். எழுந்தால் குதிகால் கயிற்றுக்கு மேலாகக் கடந்துவிடும். எழாமல் தரையோடு இழுத்தால் கயிற்றில் இடிக்கும்; நீங்கள் சொல்லாமலே பிள்ளைக்குத் தெரியும்.

மெதுவாக என்று சொன்னதைக் கவனியுங்கள். முழு வேகத்தில் இந்த மேட்டில் சுழற்ற விடாதீர்கள். மாடு வழுக்காமல் இருக்கச் செய்த ரப்பர் மனிதக் காலையும் விடாது பிடிக்கும். பாதம் திரும்பாமல் உடம்பு மட்டும் திரும்பினால் முட்டி முறுக்கிக்கொள்ளும். ஸ்டான்ஸும் காலடியும் மேட்டில், அடி மண் தரையில். பேட் சுழலும்போது இரண்டு பேட் நீளத்துக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது.

மேட்டில் நின்றுவிட்டு, அடுத்த நிமிடமே பக்கத்து மண் தரையில் கயிறு இல்லாமல் நிற்கச் சொல்லிப் பாருங்கள். நின்ற பின் கால் ஓரங்களில் குச்சியால் கோடு கிழித்து டேப் பிடித்தால், மேட்டில் வைத்த அளவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரியும். நாலு விரற்கடைக்குள் வந்தால் அந்தப் பிள்ளைக்கு மேட் இனித் தேவையில்லை, அடுத்த ஆளுக்கு வளையத்தை நகர்த்தலாம். ஒருவருக்கு வைத்த அளவை மேட்டின் ஓரத்தில் சாக்பீஸால் பெயரின் முதல் எழுத்தோடு குறித்து வைத்தால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

பயிற்சி முடிந்ததும் வளையங்களைக் கழற்றி நிழலில் மாட்டுங்கள். இழுத்த நிலையிலேயே வெயிலில் கிடந்தால் டியூப் சீக்கிரம் வெடிப்பு விடும். மழையில் நனைந்த தென்னங்கயிறு பருத்துவிடும், காயவிட்டுப் போடுங்கள். மேட்டுக்கு ஒன்றும் ஆகாது. அது மாட்டையே தாங்கியது.