பெருங்கரடி வேட்டைக்கு எந்தக் குண்டு? முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை விளக்கம்

அலாஸ்காவின் கோடியாக் தீவுக்கூட்டத்தில் ஏறத்தாழ 3,500 பழுப்புக் கரடிகள் இருக்கின்றன. நன்றாக வளர்ந்த ஆண் கரடி 600 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. முதல்முறை அங்கே வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் மாதக்கணக்கில் துப்பாக்கியைப் பற்றியே பேசுவார்கள். குண்டை மட்டும் கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வருவார்கள். கரடியின் உடலுக்குள் போகப்போவது அந்தக் குண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் துப்பாக்கிக்கு வாருங்கள் என்பதுதான் என் கட்சி.

இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கரடி வேட்டை குற்றம். இங்கே சொல்வதெல்லாம் அலாஸ்கா போல அரசு உரிமம் கொடுத்து, கணக்குப் பார்த்து வேட்டையை நடத்தும் இடங்களுக்கு மட்டும்.

படி 1: விதிமுறையைப் படியுங்கள்

வெளிமாநிலத்தவர் பழுப்புக் கரடியை வேட்டையாட, உரிமம் பெற்ற வழிகாட்டியோ அலாஸ்காவில் வசிக்கும் நெருங்கிய உறவினரோ உடன் வர வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வழிகாட்டி கட்டாயம். குட்டிகளையும் குட்டியோடு திரியும் தாயையும் சுடக் கூடாது. கோடியாக்கில் இன்னொரு விதி: கரடியைக் காயப்படுத்திவிட்டுத் தவறவிட்டாலும் உங்கள் பங்கு முடிந்தது. குண்டுத் தேர்வில் ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு இந்த ஒரு விதியே போதும்.

படி 2: குண்டு செய்ய வேண்டிய வேலையைப் புரிந்துகொள்ளுங்கள்

பித்தளைக் கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்த முழுமை தோட்டா. குழலிலிருந்து வெளியே பறப்பது குண்டு மட்டுமே. பக்கவாட்டில் நிற்கும் கரடியின் தோளில் படும் குண்டுக்கு முன்னே வரிசையாகத் தடைகள்: நனைந்த அடர்த்தியான ரோமம், இலையுதிர் காலமென்றால் கனத்த கொழுப்பு, தோள் தசை, எலும்பு. இவற்றைக் கடந்த பிறகுதான் நுரையீரலும் இதயமும். குண்டு ஓரளவு விரிய வேண்டும், ஆனால் உடைந்து சிதறக் கூடாது. மான் வேட்டைக்கான மெல்லுறைக் குண்டு (ஈயத்தின் மேல் மெல்லிய உலோக உறை போட்டது) சீக்கிரம் விரிவதற்கென்றே செய்யப்பட்டது. கரடியின் தோளில் அது மேலாகவே சிதறிப் பெரிய காயத்தை உண்டாக்கும், உள்ளே போகாது. அப்படிக் காயம்பட்ட கரடி ஆல்டர் புதருக்குள் நுழைந்துவிட்டால், அதற்கும் வேதனை, பின்னால் தேடிப் போகிற வழிகாட்டிக்கும் உயிராபத்து.

1946இல் ஜான் நோஸ்லர் கனடாவில் ஒரு மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வேட்டையில் பட்ட பாடு இதுதான். சேறு அப்பிய தோலில் பட்ட அவருடைய குண்டுகள் ஆழமாக இறங்கவில்லை. ஊர் திரும்பியவர் தானே ஒரு குண்டை வடிவமைத்தார். இன்றைக்கும் விற்பனையில் இருக்கும் ‘பார்ட்டிஷன்’ அப்படிப் பிறந்தது.

படி 3: பெட்டியின் மேல் இருக்கும் எண்களைப் படியுங்கள்

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். பெட்டியில் காலிபரும் (அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்) எடையும் போட்டிருக்கும். எடையை கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், 300 கிரெயின் என்றால் சுமார் 19 கிராம்.

இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் வையுங்கள். ஒன்று .375 காலிபர், 300 கிரெயின். மற்றது .45-70 என்ற பெயருள்ள தோட்டா, அதுவும் 300 கிரெயின். எடை ஒன்று, இரண்டாவதன் விட்டம் பெரிது (.458 அங்குலம்). பார்த்தவுடன் பெரிய துளைதான் பலம் என்று தோன்றும். பவுண்டில் எடையை, அங்குலத்தில் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பாருங்கள். இதைக் குறுக்குவெட்டு அடர்த்தி என்பார்கள். .375க்கு 0.305 வரும், .45-70க்கு 0.204தான். ஒரே எடை இரும்பில் கடப்பாரையும் அடிக்கலாம், தோசைக்கல்லும் அடிக்கலாம். மண்ணில் இறங்குவது கடப்பாரை. அந்த .45-70 குண்டு மானுக்கு நல்லது, கோடியாக் கரடிக்கு வேண்டாம்.

சாதாரண ஈயக்கரு குண்டுகளுக்கு 0.300ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதை எடுங்கள். .338இல் 250 கிரெயின் (0.313), .375இல் 300, .416இல் 400 கிரெயின் (0.330) எல்லாமே இந்த வரம்புக்குள் வரும்.

படி 4: உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

எண் சரியாக இருந்தும் கட்டுமானம் பலவீனமென்றால் பயனில்லை. கரடியில் பட்டவுடன் எடை சிதறிப்போனால் நீங்கள் கணக்குப் போட்ட 0.305 எங்கே மிஞ்சும்?

பார்ட்டிஷன் குண்டின் நடுவே உறை உலோகத்தாலேயே ஒரு குறுக்குச் சுவர் இருக்கும். முன்பாதி ஈயம் விரிந்து தேய்ந்தாலும் பின்பாதி அப்படியே உள்ளே போகும். ஸ்விஃப்ட் ஏ-ஃபிரேமிலும் இந்தச் சுவர் உண்டு; கூடுதலாக முன்பக்க ஈயத்தை உறையோடு பிணைத்திருப்பார்கள். எடுத்துப் பார்த்தால் காளான் போல விரிந்திருக்கும், எடை பெரும்பாலும் குறைந்திருக்காது. ஈயமே இல்லாமல் முழுச் செம்பில் வரும் பார்ன்ஸ் டி.எஸ்.எக்ஸ். மூன்றாவது வகை. முனை இதழ்களாக மடங்கித் திறக்கும், மிக ஆழமாகப் போகும். செம்புக் குண்டு எடையை இழப்பது குறைவு என்பதால் ஒரு படி குறைந்த எடை போதும்: .375இல் 270 கிரெயின், .338இல் 225.

யானைக்கும் காட்டெருமைக்குமான விரியாத திடக் குண்டு முதல் தோட்டாவாக வேண்டாம். குறுகிய துளை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். தொலைதூர இலக்குப் போட்டிக் குண்டுகளும் வேண்டாம்.

படி 5: உங்கள் தோள் தாங்கும் காலிபரைத் தேர்ந்தெடுங்கள்

1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம் இன்றும் கரடி நாட்டில் மதிப்பு குறையாத தோட்டா. 300 கிரெயின் குண்டை நொடிக்கு சுமார் 770 மீட்டர் வேகத்தில் அனுப்பும். 1958இல் வந்த .338 வின்செஸ்டர் மேக்னமும் போதுமானது. .416ம் .458ம் இன்னும் பலமானவை, உதையும் அதற்கேற்பத்தான். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவருக்கு .458ஆல் ஒரு பயனும் இல்லை.

1983இல் அமெரிக்க வனத்துறை, கரடிகள் நடமாடும் இடங்களில் வேலை செய்யும் தன் ஊழியர்களுக்காக நெருங்கிய தூரத்தில் பல தோட்டாக்களைச் சோதித்தது. .458ம் .375ம் முன்னணியில் நின்றன. சாதாரண .30-06கூட, 220 கிரெயின் கனத்த குண்டோடு நல்ல இடம் பிடித்தது. உதை தாங்காதவர்கள் .30-06ஐ அந்தக் கனத்த குண்டோடு எடுத்துக்கொண்டு, தூரத்தைக் குறைத்து, நிதானமாகச் சுடட்டும். அதற்குக் கீழே போக வேண்டாம்.

படி 6: உங்கள் துப்பாக்கியில் சோதியுங்கள்

இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி 100 கெஜத்தில் சுடுங்கள். குண்டுகள் எல்லாம் இரண்டு அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் போதும். கரடியை அதைவிட அருகிலேயே சுடும்படி வழிகாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்றை முடிவு செய்ததும் அதே வகையில் மேலும் வாங்கி, நின்றும் மண்டியிட்டும் பழகுங்கள். முதல் குண்டு போனவுடன் போல்ட்டை இழுத்து இரண்டாவதை ஏற்றுவது யோசிக்காமல் கை செய்கிற வேலையாக வேண்டும். மேகசினை நிரப்பி, ஒவ்வொரு தோட்டாவும் தடங்கலின்றி ஏறுகிறதா என்றும் பாருங்கள். சில கனத்த மழுங்குமுனைக் குண்டுகள் சில துப்பாக்கிகளில் சிக்கும்.

விமானத்தில் போய் இறங்கியதும், முகாமில் வழிகாட்டி முன்னிலையில் ஓரிரு முறை சுட்டு ஸ்கோப் நகரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோடியாக்கில் மழை ஓயாது. குழலின் வாயில் ஒரு துண்டு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டிவிடுங்கள். தண்ணீரும் சேறும் உள்ளே போகாது, சுடும்போது அதைப் பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.