மழை சென்சாரை நம்பிக் கூரையைத் திறந்து போடாதீர்கள்

டெக்ஸஸில் நம் ஆட்களிடையே பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, குளியலறையோடு ஓடும் வீட்டு வண்டி) வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வாங்கிய வாரத்தில் எனக்கு ஃபோன் வரும். டயர், ஜெனரேட்டர், கழிவுத் தொட்டி எல்லாம் பேசி முடித்த பிறகு, "கூரை ஃபேன்ல ரெயின் சென்சார் இருக்குண்ணே. மழை வந்தா அதுவே மூடிக்கும்" என்று குரலில் ஒரு நிம்மதியோடு சொல்வார்கள். என் முதல் வண்டியில் நானும் அதே நிம்மதியோடு திரிந்தவன்தான். அதனால் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வலையைத் துடையுங்கள், கையேட்டைப் படியுங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. உண்மையில் பணத்தைத் தின்னும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

கார் சென்சாரும் இதுவும் ஒன்று என்று நினைப்பது

காரின் முன்கண்ணாடியில் வைப்பரை இயக்கும் சென்சார், கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, அது எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்க்கும். துளி விழுந்தால் ஒளி வெளியே சிதறும், திரும்புவது குறையும். மின்பாகங்கள் கண்ணாடிக்கு உள்பக்கம் பத்திரமாக இருக்கும்.

கூரை வென்ட்டில், அதாவது ஃபேனும் மூடியும் பொருத்திய காற்றுத் துளையில், பெரும்பாலும் இருப்பது அதைவிட எளிமையான பொருள். ஒரு சிறிய தகடு, அதன்மேல் இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்ததுபோல இரண்டு உலோகக் கோடுகள். நடுவில் தண்ணீர் விழுந்தால் இரண்டுக்கும் இடையே சிறிது மின்சாரம் பாயும். அதை உணர்ந்து கட்டுப்பாட்டு அட்டை மோட்டாருக்குக் கட்டளை கொடுக்கும், மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்றும், மூடி இறங்கும். உலோகக் கோடுகள் வெயிலிலும் தூசியிலும் திறந்தே கிடக்கின்றன. ஈரத்தில் மின்சாரம் பாயும்போதெல்லாம் உலோகம் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகிறது.

இன்னொன்று, தகட்டின்மேல் துளி விழுந்த பிறகுதான் எல்லாமே தொடங்கும். காற்றோடு சாய்ந்து வரும் மழை முதலில் உங்கள் படுக்கையில் விழுந்துவிட்டு, பிறகு சென்சாரைத் தொடலாம். அதன் பின் மூடி இறங்கவும் சில நொடிகள் வேண்டும். எதுவும் பழுதாகாமல் இருக்கும்போதே நிலைமை இதுதான்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டு சென்சாரை நம்புவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. புத்திசாலிகள், கவனமானவர்கள், வண்டியைக் குழந்தைபோலப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். கவனமாக இருப்பதால்தான் செய்கிறார்கள்.

பல மோட்டார்ஹோம்களில் ஏறும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 'யூஸ்', மறுபக்கம் 'ஸ்டோர்'. வண்டியை நிறுத்தி வைக்கும்போது 'ஸ்டோர்' பக்கம் அழுத்துங்கள், பேட்டரி இறங்காது என்று விற்றவர் சொல்லிக் கொடுத்திருப்பார். சரியான அறிவுரை. அதோடு, பூட்டிய வண்டி வெயிலில் வெந்து போகாமல் இருக்க வென்ட்டைக் கொஞ்சம் திறந்து வையுங்கள் என்று வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். அதுவும் நல்ல எண்ணம்தான். இரண்டையும் ஒன்றாகச் செய்தால் வண்டி போயிற்று. அந்த சுவிட்ச் வீட்டுப் பகுதிக்கான 12 வோல்ட் இணைப்புகளில் பெரும்பாலானவற்றைத் துண்டித்துவிடும், கூரை ஃபேனையும் சேர்த்து. மழை சென்சாருக்கு உயிர் கொடுப்பது அந்த 12 வோல்ட்தான்.

ஹூஸ்டன் பக்கம் ஒரு நண்பர், திறந்தவெளி ஸ்டோரேஜில் வண்டியை நிறுத்தினார். சுவிட்சை அணைத்தார், வென்ட்டைத் திறந்து வைத்தார், பூட்டினார், ஊருக்குப் போய்விட்டார். வளைகுடாக் கரையின் கோடை எப்படி என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். பிற்பகலில் திடீரென்று இருட்டும், கொட்டும், ஒரு மணி நேரத்தில் மறுபடி வெயில். அவர் திரும்பி வந்தபோது மெத்தை கனத்துக் கிடந்தது. கூரையின் உட்பலகை தொங்கிவிட்டது. வினைல் விரிப்பின் கீழே ஒட்டுப்பலகைத் தரை காலடியில் அமுங்கியது. கதவைத் திறந்ததுமே பூஞ்சை நாற்றம்.

"அண்ணே, சென்சார் ஏமாத்திடுச்சு" என்றார். நான் போய் சுவிட்சைப் போட்டேன். மூடியைத் திறந்து, ஈரத்துணியால் சென்சாரைத் தொட்டேன். அழகாக மூடிக்கொண்டது. ஒரு குறையும் இல்லாத சென்சார். புதிதாக ஒன்று வாங்குவதற்கு அவர் இணையத்தில் ஆர்டர்கூடப் போட்டிருந்தார்.

எவ்வளவு தண்ணீர் உள்ளே வரும் என்று ஒரு கணக்குப் பாருங்கள். வட அமெரிக்க வண்டிகளில் வென்ட்டின் துளை வழக்கமாக 14 அங்குலத்துக்கு 14 அங்குலம். அந்தப் பரப்பில் ஓர் அங்குல மழை விழுந்தால் 3 லிட்டருக்கு மேல். சாய்ந்து நிற்கும் மூடி கொஞ்சத்தைத் தடுக்கும், காற்று கொஞ்சத்தை உள்ளே தள்ளும். பாதியே வந்தாலும் அது விழுவது பெரும்பாலும் படுக்கையின்மேல் அல்லது குளியலறை வாசலில். அங்கிருந்து தரைக்கு அடியில் இறங்கிவிட்டால் துடைத்து எடுக்க வழியில்லை. மெல்ல ஊறி வந்த நீர்ச்சேதத்தைப் பல காப்பீட்டுப் பாலிசிகள் ஏற்பதும் இல்லை.

"கூரையில சோலார் இருக்கே, பேட்டரி எப்பவும் ஃபுல்லா இருக்குமே" என்பார்கள். இருக்கும். சோலார் பெரும்பாலும் பேட்டரிக்கு நேராக இணைந்திருக்கும். ஆனால் பேட்டரிக்கும் ஃபேனுக்கும் நடுவில் நீங்கள் அணைத்த சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறதே.

சரி, சுவிட்சை அணைக்காமல் விட்டால்? அங்கேயும் பள்ளம் உண்டு. இந்த ஃபேன்கள் முழு வேகத்தில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், சில மாடல்கள் இன்னும் அதிகம். வெளியிலிருந்து கரண்ட் இல்லாத இடத்தில் 16 மணி நேரம் ஓடினால் 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் கெடாமல் எடுக்கக்கூடியது பாதிதான். கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவியும் ஃப்ரிட்ஜின் கட்டுப்பாட்டு அட்டையும் அதிலிருந்தே குடிக்கின்றன. ஆக, காற்றுக்காக ஓடவிட்ட ஃபேனே, மழை வரும்போது மூடுவதற்கு வேண்டிய மின்சாரத்தைத் தீர்த்துவிடுகிறது. வோல்ட்டேஜ் இறங்கிய பேட்டரியில் மோட்டார் மூடியைப் பாதிவரை இழுத்துவிட்டு நிற்பதும் உண்டு. லித்தியம் பேட்டரி என்றால் மூடி பாதிவரைகூட இறங்காது. அதன் பாதுகாப்புச் சுற்று, குறிப்பிட்ட வோல்ட்டேஜுக்குக் கீழே போனதும் மொத்தமாகத் துண்டித்துவிடும்.

சென்சார் நல்லதா கெட்டதா என்று கேட்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பேட்டரி, சுவிட்ச், ஃப்யூஸ், அட்டை, மோட்டார், பல்சக்கரம், ரப்பர் விளிம்பு என்று இத்தனையும் ஒரே நிமிடத்தில் ஒழுங்காக இருக்கும் என்று வீட்டை விட்டுப் போகும்போது உங்களால் சொல்ல முடியுமா? முடியாது. அதனால் வண்டியை விட்டுப் போகும்போது மூடியைக் கீழே இறக்கிவிட்டுப் போங்கள். உள்ளே நீங்கள் தூங்கும்போதோ பக்கத்து மரத்தடியில் உட்கார்ந்திருக்கும்போதோ சென்சார் உங்களுக்கு உதவட்டும். அதற்குத்தான் அது.

நிறுத்தி வைத்த வண்டிக்குக் காற்று வேண்டும் என்றால், வென்ட்டின்மேல் பொருத்தும் பிளாஸ்டிக் கூண்டு கிடைக்கிறது. மேக்ஸ்ஏர் நிறுவனத்தின் கூண்டுகளைப் பல வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் காற்று போகும், மேலிருந்து மழை வராது. மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ் மாதிரி சில ஃபேன்களில் இந்த மழைத்தடுப்பு மூடியின் அமைப்பிலேயே இருக்கிறது. ஈர்ப்பு விசையை நம்பி வேலை செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு பேட்டரி வேண்டாம். வாங்கும் முன் மூடி முழுதாக எழும்ப எவ்வளவு உயரம் வேண்டும் என்று அளந்துகொள்ளுங்கள். சாதாரண வென்ட்டுக்கான கூண்டு, பெரிய ஃபேனின் மூடியைத் தலையில் இடிக்கும். கூண்டு போட்ட பிறகு சென்சார் வேலை செய்யவில்லையே என்று பதற வேண்டாம், அதன்மேல் இனிமேல் துளி விழாது.

விடிகாலையில் மூடுகிறது என்று சென்சாரை அணைத்து வைப்பது

கால்வெஸ்டன், போர்ட் அரான்ஸாஸ் போன்ற கடற்கரைகளில் தங்குகிறவர்களின் புகார் இது. மழையே இல்லை, விடிகாலையில் மூடி மூடிக்கொள்கிறது, ஃபேன் நிற்கிறது, வியர்த்து எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. காரணம், காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்திருக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். இரவுப் பனியே அதற்குப் போதும், சென்சார் மழை என்று முடிவு கட்டிவிடும்.

தூக்கம் கெட்டவர்கள் என்ன செய்கிறார்கள்? சென்சாரைப் புறக்கணிக்கும் பட்டன் சில மாடல்களில் இருக்கிறது, அதை அழுத்திவிடுகிறார்கள். அந்த இரவுக்கு அது சரி. பிறகு மறந்துவிடுகிறார்கள். அடுத்த ஊரில் மழை வந்தால் மூடி அசையாது.

பட்டனைத் தொடாமல், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தகட்டை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்துக் காய வையுங்கள். படிவு போகாவிட்டால் துணியில் சிறிது வெள்ளை வினிகர். உப்புத்தாள், கம்பிப் பிரஷ் பக்கம் போகக் கூடாது. கோடு அறுந்தால் சென்சாருக்குக் கண் போயிற்று. பொதுவாக இந்தச் சென்சார்கள் சாகும் வரிசையும் இப்படித்தான்: முதலில் காரணமில்லாமல் மூடும், அரிப்பு முற்றிய பிறகு காரணம் இருந்தும் மூடாது. அடிக்கடி பொய்யாக மூடும் சென்சாரைத் தொல்லை என்று ஒதுக்காமல், மாற்ற வேண்டிய காலம் நெருங்குகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நாயை உள்ளே விட்டுப் போவது

மூடி இறங்கினால் ஃபேன் நிற்கும். மழை சென்சார் உள்ள மாடல்களில் அப்படித்தான் அமைத்திருப்பார்கள். கோடைத் தூறல் ஒன்று போதும்: மூடி மூடிக்கொள்ளும், ஃபேன் நிற்கும், பத்து நிமிடத்தில் மேகம் கலைந்து வெயில் அடிக்கும். தகடு காயும்வரை வண்டி அடைத்த பெட்டி. அதே இடிமழையில் கேம்ப்கிரவுண்டின் கரண்ட் போனால் ஏசியும் இல்லை. சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்தாலும் உள்ளே இருக்கும் உயிர் போகலாம். கூரை ஃபேனை நம்பி நாயையோ பூனையையோ விட்டுப் போகாதீர்கள். குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை.

எல்லாக் கசிவுக்கும் சென்சாரைக் குற்றம் சொல்வது

வென்ட்டைச் சுற்றி உட்கூரையில் பழுப்புக் கறை தெரிந்தால், முதலில் மூடி மூடியிருந்த மழையிலும் கறை பெருகியதா என்று பாருங்கள். பெருகினால் பிரச்சினை மூடியில் இல்லை. சட்டத்தின் விளிம்பிலும் திருகுகளின் தலையிலும் உள்ள, தண்ணீர் புகாமல் அடைக்கும் பூச்சு வெடித்திருக்கும். கூரை ஏறிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும்.

அங்கே கடையில் கிடைத்த சாதாரண சிலிக்கோனை வழித்துப் பூசுகிறவர்களைத் தடுக்க நான் எவ்வளவோ முயன்றிருக்கிறேன். ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிக்காது. உரித்தால் மெல்லிய படலம் தங்கிவிடும், அடுத்து எந்தப் பூச்சும் அதன்மேல் ஒட்டாது. கூரைக்கென்றே வரும், தானாகப் பரவிச் சமமாகும் பூச்சை வாங்குங்கள், உங்கள் கூரை இபிடிஎம் என்ற ரப்பரா, டிபிஓ என்ற பிளாஸ்டிக்கா, ஃபைபர் கிளாஸா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். சட்டத்தையே கழற்றி மாட்டுவதானால் அடியில் புதிய பியூட்டைல் டேப் (தண்ணீர் புகாமல் அடைக்கும் ஒட்டும் ரப்பர் பட்டை).

ஓடும் வண்டியில் திறந்து வைப்பது

வேண்டாம். நெடுஞ்சாலைக் காற்று மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

உறைபனிக் காலையில் பட்டனை அழுத்துவது

மூடி ஐஸில் ஒட்டியிருந்தால் மோட்டார் தோற்கும், பிளாஸ்டிக் பல்சக்கரம் மழுங்கும். உருகும்வரை காத்திருங்கள்.

சோதிக்காமல் பயணம் கிளம்புவது

மூடியைத் திறந்து, சென்சார்மேல் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் அடியுங்கள். மூடி இறங்குவதோடு விட்டுவிடாமல் கூரைமேல் ஏறி, ரப்பர் விளிம்பு நாலு பக்கமும் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பைன் ஊசிக் கொத்தோ சுள்ளியோ இடுக்கில் இருந்தால் மோட்டார் மூடிவிட்டதாக நினைத்து நின்றுவிடும். பிறகு சென்சாரைத் துடைத்து, மாடலைப் பொறுத்துத் தானாகத் திறக்கிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனையை வெளி கரண்ட் இணைத்திருக்கும்போது செய்யாதீர்கள், அதை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் கொடுக்கும் நல்ல வோல்ட்டேஜில் நோயுள்ள மோட்டாரும் ஓடிக் காட்டும். இரவு முழுதும் ஃபேனும் விளக்கும் ஓடிய பேட்டரியில், காலையில் செய்து பாருங்கள்.

மூடி பாதியில் நின்றால் முதலில் பேட்டரியின் வோல்ட்டேஜ், அடுத்து ஃபேனுக்குள்ளேயே இருக்கும் சின்ன ஃப்யூஸ், அதற்குப் பிறகு பல்சக்கரம். அதுவரை, கையால் சுற்றி மூடும் குமிழ் எங்கே இருக்கிறது, அதை எப்படி விடுவிப்பது என்பதை வீட்டில் எல்லோருக்கும் பகல் வெளிச்சத்திலேயே காட்டிக் கொடுத்துவிடுங்கள்.