லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்: கடைசியில் யாரை நிறுத்துவது?

சிங்கப்பூரில் ஏப்ரல் வந்து தமிழ்மொழி விழா தொடங்கிவிட்டால் சமூக மன்றங்களில் நன்றியுரைக்குப் பஞ்சமில்லை. தமிழில் ஆரம்பிக்கும் உரை, வேற்றின விருந்தினர்களுக்காக நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவும். அப்போது தவறாமல் வரும் தொடர் 'லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்'. கடைசியாகச் சொன்னாலும் இவர் முக்கியத்துவத்தில் குறைந்தவர் அல்லர் என்று பொருள்.

நம்மில் பலர் 'நாட் தி லீஸ்ட்' என்கிறோம். அந்தத் 'தி' வேண்டாம். ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில், சதிகாரர்களோடு வரிசையாகக் கைகுலுக்கும் ஆண்டனி கடைசியில் டிரெபோனியஸிடம் வந்து சொல்வதும் 'தோ லாஸ்ட், நாட் லீஸ்ட் இன் லவ்' என்றுதான். அப்புறம், இறுதி ஒலியை விழுங்கி 'லீஸ்' என்று முடிக்காதீர்கள். அது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் 99 ஆண்டு குத்தகை!

இதெல்லாம் சின்ன விஷயம். யாருக்கு இதைச் சொல்கிறோம் என்பதில்தான் பெரிய சிக்கல். சிறப்பு விருந்தினரைக் கடைசிக்குத் தள்ளி, இந்தத் தொடரைச் சொல்லி அழைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆகாது. 'குறைந்தவர் அல்லர்' என்று சொல்லும்போதே, குறைந்தவரோ என்று யாராவது நினைக்கக்கூடும் என்பதும் அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அவரைப் பற்றி யாருக்கு அந்தச் சந்தேகம் வரும்? முதலில் வரவேற்றுவிடுங்கள். நாற்காலி அடுக்கிய தொண்டூழியர்களுக்கும் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்ட தம்பிக்கும் சொல்லிப் பாருங்கள், அங்கே தொடர் கச்சிதமாகப் பொருந்தும். 'கடைசியாக, கார் நிறுத்துமிடச் சீட்டை முகப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்' போன்ற அறிவிப்புக்கு வெறும் 'ஃபைனலி' போதும். அதேபோல, இதைச் சொல்லிவிட்டு 'ஆல்சோ' என்று இன்னும் நான்கு பெயர்களைச் சேர்ப்பது கேட்பவர்களின் பொறுமையைச் சோதிப்பது.

'நாட் லீஸ்ட்' மட்டும் தனியாக வந்தால் இன்னும் கவனம் தேவை. 'மெனி ரெசிடென்ட்ஸ், நாட் லீஸ்ட் தி எல்டர்லி, வெல்கம்ட் தி நியூ லிஃப்ட்' என்ற வாக்கியத்தைப் பார்த்து, முதியவர்கள் மட்டும் வரவேற்கவில்லை என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. அர்த்தம் நேர் எதிர்: பலர் வரவேற்றார்கள், குறிப்பாக முதியவர்கள். தேர்வில் கருத்தறிதல் பகுதியில் இந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுந்தால், 'நாட் லீஸ்ட்' இருக்குமிடத்தில் 'எஸ்பெஷலி' என்று போட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.