வகுக்கத் தெரியாத கணினியில் வர்க்கமூலம்: எட்சாக் முறையைக் கையால் செய்து பார்ப்போம்

1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்ற கணினி தன் முதல் நிரலை ஓட்டி முடித்தது. 0 முதல் 99 வரையுள்ள எண்களின் வர்க்கங்களை அட்டவணையாக அச்சிட்டுக் கொடுத்தது. சுமார் 3000 வால்வுகள் (மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் வெற்றிடக் குழாய்கள்), பாதரசக் குழாய்களில் ஒலி அலைகளாக ஓடிக்கொண்டிருக்கும் நினைவகம், துளையிட்ட காகித நாடா, இவ்வளவுதான் அந்த இயந்திரம். மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் கட்டியது. அங்கிருந்த விஞ்ஞானிகள் தங்கள் கணக்குகளைக் கொண்டுவந்து போடுவதற்காகவே அது உருவானது.

அந்தக் கணினியில் வகுத்தல் கட்டளை கிடையாது. கூட்டும், கழிக்கும், பெருக்கும். ஒரு எண்ணின் இரும இலக்கங்களை வலப்பக்கம் நகர்த்தும். ஒரு இடம் நகர்த்தினால் பாதி, இரண்டு இடம் நகர்த்தினால் கால். வகுக்க வேண்டும் என்றால் அதற்கென ஒரு துணைநிரலை எழுதித்தான் ஆக வேண்டும். வர்க்கமூலம் காண நமக்குப் பழக்கமான நியூட்டன் முறையிலோ (ஒரு தோராய விடையைச் சுற்றுக்குச் சுற்று திருத்திக்கொண்டே போவது) ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வகுத்தல் வரும். அதனால் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் மூவரும் 1950 வாக்கில் வகுத்தலே இல்லாத ஒரு வழியை உருவாக்கினார்கள். பழைய நிரல்களைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். பத்தாம் வகுப்பு அல்ஜீப்ரா போதும். ஒரு நோட்டு, பேனா, சாதாரண கால்குலேட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கணக்கைச் சுருக்குங்கள்

5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுர அறை ஒன்றின் மூலைவிட்டம் எவ்வளவு? 25 + 25 = 50. ஆக, 50-இன் வர்க்கமூலம் வேண்டும்.

எட்சாக்கில் 50 என்ற எண்ணை அப்படியே போட முடியாது. −1 முதல் 1-க்குச் சற்றுக் குறைவு வரையிலான எண்களைத்தான் அது கையாளும். எனவே 100-ஆல் சுருக்கி 0.5 ஆக்குவோம். 0.5-இன் வர்க்கமூலம் கிடைத்தபின் 10-ஆல் பெருக்கினால் நம் விடை. (இயந்திரத்தில் 100-க்குப் பதில் 4, 16, 64 போன்ற எண்களால் சுருக்குவது வசதி, இடம் நகர்த்தினாலே போதும்.) அன்றைய நிரலாளர் ஒவ்வொரு கணக்கிலும் இந்த அளவு மாற்றத்தைத் தானே யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. பெரும் பகுதி உழைப்பு இதில்தான் போனது.

படி 2: இரண்டு கட்டங்கள் போடுங்கள்

நோட்டில் இரண்டு பத்திகள். ஒன்றின் தலைப்பு விடை, மற்றதன் தலைப்பு பிழை. தொடக்க மதிப்புகள் இவை:

விடை = எண் = 0.5
பிழை = எண் − 1 = −0.5

படி 3: சுற்றைத் தொடங்குங்கள்

ஒவ்வொரு சுற்றிலும் செய்ய வேண்டியவை இரண்டு:

புதிய விடை = விடை − (விடை × பிழை) ÷ 2
புதிய பிழை = பிழை × பிழை × (பிழை − 3) ÷ 4

÷ குறியைப் பார்த்து, வகுத்தல் இல்லை என்றீர்களே என்று கேட்காதீர்கள். 2-ஆலும் 4-ஆலும் வகுப்பதற்கு இலக்கங்களை நகர்த்தினால் போதும் என்று மேலே பார்த்தோம்.

முதல் சுற்றை முழுதாகச் செய்வோம். விடை × பிழை = −0.25. அதில் பாதி −0.125. 0.5-இலிருந்து அதைக் கழித்தால் 0.625. அடுத்து பிழை × பிழை = 0.25; பிழை − 3 = −3.5; இரண்டையும் பெருக்கி நாலில் ஒரு பங்கு எடுத்தால் −0.21875. இப்படியே தொடர்ந்தால் வருவது:

சுற்று 1: விடை 0.625, பிழை −0.21875
சுற்று 2: விடை 0.693359, பிழை −0.038506
சுற்று 3: விடை 0.706708, பிழை −0.001126
சுற்று 4: விடை 0.7071064, பிழை −0.00000095
சுற்று 5: விடை 0.7071068

பத்தால் பெருக்குங்கள். மூலைவிட்டம் 7.071068 மீட்டர். கால்குலேட்டரின் வர்க்கமூலப் பொத்தானை அழுத்திச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

படி 4: ஏன் இது வேலை செய்கிறது?

தயவுசெய்து இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

எந்தச் சுற்றிலும் ஒரு உறவு மாறாமல் நிற்கிறது:

விடை × விடை = எண் × (1 + பிழை)

தொடக்கத்தில் பாருங்கள். விடை என்பதே எண். 1 + பிழை என்பதும் எண். இரண்டு பக்கமும் எண்ணின் வர்க்கம். சரி. அடுத்த சுற்றில் விடையை (1 − பிழை ÷ 2) என்பதால் பெருக்குகிறோம். எனவே வலப்பக்கம் (1 + பிழை) × (1 − பிழை ÷ 2) × (1 − பிழை ÷ 2) என்று ஆகும். விரித்து எழுதுங்கள்: பிழையின் முதல் படி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். 1-உடன் மிஞ்சுவது பிழை × பிழை × (பிழை − 3) ÷ 4. அதுதான் நம் புதிய பிழை! உறவு அப்படியே நிலைக்கிறது. பிழை பூஜ்யத்தை நெருங்கும்போது விடையின் வர்க்கம் எண்ணை நெருங்கியே தீர வேண்டும்.

பிழையின் வர்க்கம் வருவதால்தான் அது இவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது. ஆயிரத்தில் ஒன்று இருந்தது அடுத்த சுற்றில் பத்து லட்சத்தில் ஒன்று ஆகிவிடுகிறது.

படி 5: எப்போது நிறுத்துவது?

நாம் கண்ணால் பார்த்து நிறுத்திவிட்டோம். எட்சாக்குக்குக் கண் இல்லை. திரட்டியில், அதாவது கூட்டலும் கழித்தலும் நடக்கும் இடத்தில், இருப்பது குறை எண்ணா இல்லையா என்பதை மட்டுமே அதனால் சோதிக்க முடியும். அதை வைத்தே சமாளிக்கலாம். 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண்ணுக்குப் பிழை எப்போதும் குறை எண்தான். அதோடு 0.0000001 கூட்டிப் பாருங்கள். இன்னும் குறை எண்ணாகவே இருந்தால் மேலும் ஒரு சுற்று, இல்லையென்றால் முடிந்தது. நம் கணக்கில் நாலாம் சுற்றுக்குப் பிறகு குறை எண், ஐந்தாம் சுற்றுக்குப் பிறகு இல்லை.

படி 6: கட்டளைகளாக எழுதுங்கள்

எட்சாக் கட்டளை ஒவ்வொன்றுக்கும் ஒரே ஆங்கில எழுத்து: கூட்ட ஏ, கழிக்க எஸ், பெருக்க வேண்டிய எண்ணைத் தனி இடத்தில் வைக்க எச், அதால் பெருக்கித் திரட்டியில் கூட்ட வி, பெருக்கித் திரட்டியிலிருந்து கழிக்க என், வலப்பக்கம் நகர்த்த ஆர், நினைவகத்தில் எழுதித் திரட்டியைக் காலி செய்ய டி, காலி செய்யாமல் எழுத யு, குறை எண்ணாக இருந்தால் வேறிடம் தாவ ஜி. கீழே இருப்பது நானே கோத்த வரிசை. ‘இடம்’ என்பது இடைக்கால மதிப்பை வைக்கும் நினைவகக் கட்டம்.

1. டி: இடம் (திரட்டியைக் காலி செய்யத்தான்)
2. எச்: பிழை
3. என்: விடை
4. ஆர்: ஒரு இலக்கம் நகர்த்து
5. ஏ: விடை
6. டி: விடை
7. வி: பிழை
8. டி: இடம்
9. ஏ: பிழை
10. ஆர்: இரண்டு இலக்கம் நகர்த்து
11. எஸ்: 0.75
12. டி: பிழை
13. எச்: பிழை
14. வி: இடம்
15. யு: பிழை
16. ஏ: 0.0000001
17. ஜி: முதல் கட்டளைக்குப் போ

10, 11-ஆம் வரிகளைக் கவனியுங்கள். பிழை − 3 என்று நேராகக் கணக்கிட்டால் −3.5 வரும்; இயந்திரத்தின் எல்லைக்குள் அடங்காது. முதலில் காலாக்கிவிட்டு 0.75-ஐக் கழித்தால் −0.875. அதே கணக்கு, எல்லைக்குள். 12-ஆம் வரி பிழையின் பழைய மதிப்பை அழிக்கிறது; ஆனால் அதன் வர்க்கம் ஏற்கெனவே ‘இட’த்தில் பத்திரமாக இருக்கிறது.

பெருக்கலுக்குச் சுமார் 6 மில்லிசெகண்ட், மற்றக் கட்டளைகளுக்குச் சுமார் 1.5 மில்லிசெகண்ட். ஒரு சுற்றில் பெருக்கல் மூன்று, மற்றவை பதினாலு. கூட்டினால் 39 மில்லிசெகண்ட். ஐந்து சுற்றும் முடிய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். நோட்டில் செய்தபோது உங்களுக்கு எவ்வளவு நேரமானது என்று நினைத்துப் பாருங்கள். அன்றைய ஆராய்ச்சியாளர்கள் தங்கள் முறைக்காக ஏன் வரிசையில் நின்றார்கள் என்பது புரியும்.

படி 7: வேண்டுமென்றே தப்பாகச் செய்து பாருங்கள்

பிழையை முதலில் புதுப்பித்துவிட்டு, அந்தப் புதிய பிழையை வைத்து விடையைக் கணக்கிடுங்கள். பிழை வழக்கம்போலச் சுருங்கிப் பூஜ்யம் ஆகும். இயந்திரம் திருப்தியோடு நின்றுவிடும். விடை மட்டும் 0.5657 என்று இருக்கும்! வர்க்கம் போட்டால் 0.32. முதல் சுற்றின் திருத்தம் விடுபட்டதால் படி 4-இன் உறவு முறிந்துவிட்டது; முறிந்தபின் பிழை என்ற எண்ணுக்கும் உண்மையான பிழைக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த முறையின் பலவீனம் இதுதான். நியூட்டன் முறையில் நடுவில் ஒரு சறுக்கல் வந்தாலும் அடுத்தடுத்த சுற்றுகள் அதைத் திருத்திவிடும். இதில் திருத்தாது. ஆகவே கடைசியில் விடையின் வர்க்கத்தை எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

செய்து பார்க்க

0.81-ஐப் போடுங்கள். மூன்றாம் சுற்றிலேயே 0.8999999 வந்துவிடும். அப்புறம் 0.01-ஐப் போடுங்கள். இதற்குப் பத்துச் சுற்று ஆகும், ஏனென்றால் பிழை −0.99-இல் தொடங்குகிறது, அதன் வர்க்கம் சட்டென்று சிறிதாகாது. 0.01-ஐ 64-ஆல் பெருக்கி 0.64 ஆக்கிக்கொண்டு, வரும் விடையை 8-ஆல் வகுத்தால் (மூன்று இடம் நகர்த்தினால் போதும்) சுற்றுகள் எவ்வளவு குறைகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

கையால் செய்து தெளிவானபின், மார்ட்டின் கேம்ப்பெல்-கெல்லி உருவாக்கிய எட்சாக் மாதிரி மென்பொருளில் இந்த 17 கட்டளைகளையும் இட்டுப் பார்க்கலாம். எண்களையும் நிரலையும் நினைவகத்தில் ஏற்றும் விதம் அதன் கையேட்டில் இருக்கிறது. முதலில் வில்க்ஸ் ஓட்டியதைப் போல வர்க்க அட்டவணையை ஓட்டுங்கள். அது ஓடினால், வர்க்கமூலத்துக்கு வரலாம்.