தெருவில் பார்ப்பதும் மேசையில் வரைவதும்: சென்னை ஓவியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்று பார்ப்பவருக்கு முதலில் தெரிவது கபாலீசுவரர் கோயிலின் மேற்கு வாசல் கோபுரம், அது சிறியது. உயரமான இராஜகோபுரம் கிழக்கு வாசலில் இருப்பதால் அது தள்ளிப் பின்னால்தான் தெரியும். மூலவர் மேற்கு நோக்கியிருக்கிறார், குளமும் மேற்கே இருக்கிறது என்பது அந்தப் பக்கம் தினமும் போய்வருகிற எவருக்கும் தெரிந்த செய்தி. சிறுகதை ஒன்றுக்குப் படம் வரைந்தபோது, இணையத்தில் கிடைத்த இரண்டு புகைப்படங்களைச் சேர்த்து, குளத்தின் விளிம்பிலேயே பெரிய கோபுரத்தை நான் நிறுத்திவிட்டேன். படம் அச்சாகி வந்த வாரத்திலேயே, மாட வீதியில் பிறந்து வளர்ந்த ஒரு வாசகர், "நீங்கள் எந்தக் கரையில் உட்கார்ந்து வரைந்தீர்கள்?" என்று கேட்டு எழுதியிருந்தார். எந்தக் கரையிலும் உட்காரவில்லை என்பதுதான் உண்மை.

கதைக்கும் கட்டுரைக்கும் படம் வரைந்து பிழைக்கிறவர்களுக்கு ஊர் சுற்றுவது பொழுதுபோக்கு அன்று. அது வேலையின் ஒரு பாதி. மறுபாதி மேசையில் நடக்கிறது. சென்னையில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வரைந்த அனுபவத்தில் நான் கண்டது, பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டுக்கும் நடுவில், தெருவில் பார்த்ததை மேசைக்குக் கொண்டுவரும் வழியில் நேர்கின்றன என்பதே. கோடு சரியாக வராததைப் பயிற்சி திருத்திவிடும். பார்க்காததை எந்தப் பயிற்சியும் திருத்தாது.

முதல் தவறு, கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் பார்த்தாகிவிட்டது என்று நினைப்பது. கைப்பேசியின் அகன்ற கோண லென்ஸ், அருகில் இருப்பதைப் பெரிதாக்கித் தொலைவில் இருப்பதைச் சுருக்கிவிடும். அண்ணாந்து எடுத்தால் கட்டடத்தின் செங்குத்துக் கோடுகள் மேலே போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டை அதன் வாசலருகே நின்று படமெடுத்து, அப்படியே கணினியில் வைத்துத் தடம்பிடித்து வரைந்தால், அது பின்னோக்கி விழப்போவது போல இருக்கும். எதிர்ச்சாரியில் நின்று பார்க்கும் மனிதக் கண்ணுக்கு அது அப்படித் தெரிவதே இல்லை. கடைப் பலகையின் எழுத்து, இரும்பு கேட்டின் வளைவு, ஆட்டோவின் பின்பக்க வாசகம் போன்ற நுணுக்கங்களை நினைவில் வைத்துக்கொள்வதற்குப் புகைப்படம் நல்ல துணை. ஆனால் எது பெரிது, எது சிறிது, எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்ற கணக்கை உட்கார்ந்த இடத்திலேயே பென்சிலால் முடித்துவிட வேண்டும். ஆனந்த விகடனில் கோயில் சிற்பங்களை வரைந்த சில்பி, அந்தந்தக் கோயிலுக்கே போய்ச் சிற்பத்தின் முன் அமர்ந்து வரைந்தவர். கல்லில் உள்ள அணிகலனின் ஒவ்வொரு மணியும் அவர் கோட்டில் தன் இடத்தில் இருப்பதற்குக் காரணம் அந்தப் பொறுமைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே தவறு கைவேலைகளை வரையும்போது இன்னும் கூர்மையாக வெளிப்படும். தெற்கு மாட வீதியில் பூக்கட்டும் அம்மா ஒருவரை முதல்முறை வரைந்தபோது, அவர் மல்லிகை மொட்டுகளைக் கையில் ஏந்தியிருப்பது போலவும், நூல் எங்கோ தொங்குவது போலவும் வரைந்து அவரிடம் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "காம்பப் புடிக்கணும் கண்ணு, பூவப் புடிச்சா வாடிப்பூடும்" என்றார். பிறகு அரைமணி நேரம் அவருடைய கைகளை மட்டும் பார்த்தேன். இடக்கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே காம்புகள்தான் அழுந்தியிருக்கின்றன. இரண்டு மொட்டுகள் ஒரு பக்கமும் இரண்டு மறுபக்கமும் தலைநீட்டுகின்றன. வலக்கை நூலை ஒரு சுழற்றுச் சுழற்றிக் கண்ணியாக்கிக் காம்புகளின் மேல் மாட்டி இழுக்கிறது. மொட்டின் மேல் விரல் படுவதே இல்லை. இந்த ஒன்றை அறிந்த பிறகு வரைந்த படத்தில் கோடுகள் குறைந்தன, ஆனால் கை வேலை செய்தது. தேநீர்க் கடையில் ஆற்றுகிறவரின் மணிக்கட்டும், காசிமேட்டில் வலை பின்னுகிறவரின் கால்விரலும் இப்படித்தான், வேலையின் முறை தெரியாமல் வரைந்தால் படத்தில் பொம்மையாகிவிடும்.

அடுத்தது திசையும் வெயிலும். சென்னைக்குக் கடல் கிழக்கே இருக்கிறது. மெரினாவில் கடலுக்குள் சூரியன் மறைவது போல வரைவது, மேற்குக் கடற்கரை ஊர்களின் படங்களைப் பார்த்துப் பழகியதால் கை தானாகச் செய்துவிடும் பிழை. இங்கே மாலை வெயில் கடற்கரைச் சாலைக் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து வருகிறது, மணல்வெளியில் நிற்பவர்களின் நிழல் கடலை நோக்கி நீள்கிறது. வெளிநாட்டுப் பயிற்சிக் காணொளிகளில் கற்றுத்தரும் நீண்ட சாய்ந்த நிழலை நம் நண்பகல் காட்சிக்குள் கொண்டுவருவதும் இதே வகைதான். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும் உச்சிப் பொழுதில் சூரியன் நேர் தலைக்கு மேலே வந்துவிடுகிறது. மனிதனின் நிழல் அவன் பாதத்துக்கடியில் ஒடுங்கிவிடுகிறது. நெற்றியும் தோளும் பளிச்சிட, கண்குழியும் தாடைக்குக் கீழும் கறுத்துப் போகின்றன. இந்தக் கடுமையான வெளிச்சத்தை அழகில்லை என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. சென்னை வெயிலின் குணமே அதில்தான் இருக்கிறது. ஸ்கெட்ச் புத்தகத்தின் ஓரத்தில் தேதி, நேரம், எந்தத் திசையை நோக்கி உட்கார்ந்தோம் என்ற மூன்றையும் எழுதிவைக்கும் பழக்கம் இருந்தால், பல மாதங்கள் கழித்து மேசையில் அந்த இடத்தை வரையும்போதுகூட நிழல் தவறாது.

பொருள்களைப் பற்றிச் சொல்வதானால், தேவைக்கு மேல் சுமந்து போவதுதான் பெரிய தவறு. இருபத்து நான்கு நிறப் பெட்டியும், மடக்கு நாற்காலியும், நான்கு அளவுத் தாள்களும் எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் காலை எட்டரை மணிக்கு ஏறினால், வரைவதற்கு முன்பே உடம்பு சோர்ந்துவிடும். உள்ளங்கை அளவுப் பெட்டியில் எட்டு நிறம், ஒரு பேனா, ஒரு பென்சில், இரண்டு தூரிகை, சிறு தண்ணீர்ப் புட்டி, ஒரு பழைய பருத்தித் துணி ஆகியவை போதும்.

ஆனால் பேனா மையில் மட்டும் கவனம் குறையக் கூடாது. சாயத்தால் ஆன மை, மேலே நீர்வண்ணம் பட்டவுடன் கரைந்து படம் முழுவதும் பரவும். ஊற்றுப் பேனாவில் ஓவிய மை என்று விற்கும் அரக்குக் கலந்த மையை ஊற்றினால் அது உள்ளே காய்ந்து பேனாவையே அடைத்துவிடும். ஊற்றுப் பேனாவுக்கென்றே தயாரிக்கப்பட்ட, நீரில் கரையாத நிறமி மையை (சாயத்துக்குப் பதில் நுண்ணிய நிறத்துகள்கள் கலந்தது) தேர்ந்து, வாங்கியவுடன் ஒரு தாளில் கோடு இழுத்து, காயவிட்டு, ஈரத் தூரிகையால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். தாள் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் வண்ணத்தைத் தாங்கும். அதைவிட மெல்லியதில் தண்ணீர் அதிகமாகப் பட்டால் தாள் அலையலையாகச் சுருளும்.

காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் இருக்கக் கூடாது. மே மாதத்தில், கடற்காற்று உள்ளே வருவதற்கு முன்பு, நிலத்திலிருந்து வரும் வறண்ட காற்றில் வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துபோகும். அப்போது பெரிய வானத்தை ஒரே பூச்சில் முடிக்க முயன்றால் திட்டுத்திட்டாக விளிம்பு விழும். ஐப்பசி கார்த்திகையின் ஈரத்தில் நிலைமை தலைகீழ்: போட்ட வண்ணம் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும், காய்ந்துவிட்டது என்று நம்பிப் புத்தகத்தை மூடினால் எதிர்ப்பக்கம் ஒட்டிக்கொண்டு வரும். அந்த மாதங்களில் நான் இடத்தில் கோட்டோவியத்தை மட்டும் முடித்து, நிறங்களின் பெயரை எழுதிக்கொண்டு, வண்ணத்தை வீட்டில்தான் போடுகிறேன்.

மனிதர்களை வரைவதில் நேரும் தவறுகள் மற்றவற்றைவிடக் கனமானவை, ஏனென்றால் அவற்றின் பலனை நாம் அல்ல, அவர்கள் அனுபவிக்கிறார்கள். வியாபாரம் நடக்கும் கடையின் முன்னால் வாடிக்கையாளர் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு உட்காரக் கூடாது. பாரிமுனை நடைபாதையில் ஒரு முழம் இடம்கூட யாரோ ஒருவருடைய அன்றைய சோறு. ரயிலில் எதிரே தூங்குகிறவரை வரையலாமா என்ற கேள்விக்கு என் விடை, அவர் விழித்து அந்தத் தாளைப் பார்த்தால் முகம் மலர்வாரா என்பதுதான். பெண்களையும் பிள்ளைகளையும் உற்றுப் பார்த்து வரைவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது கடமை. கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்று அஞ்சி ஒளிந்து வரைகிறவர்கள், தங்களுக்குக் கிடைக்கக்கூடிய பேச்சை இழக்கிறார்கள். பூக்காம்பின் செய்தி எனக்குப் பேச்சில்தான் கிடைத்தது. இன்னொன்று, ஸ்கெட்ச் புத்தகத்தில் இருக்கும் அடையாளம் தெரிகிற முகத்தை, அவரைக் கேட்காமல் ஒரு விளம்பரப் படத்துக்குள் கொண்டுபோய் வைக்கக் கூடாது. ஒருவருடைய மூக்கு, இன்னொருவருடைய நிற்கும் தோரணை, வேறொருவருடைய தோள்துண்டு என்று பலரிடமிருந்து சேர்த்து ஒரு புதிய ஆளை உருவாக்குவதே மேசை வேலை.

மேசைக்கு வந்தபின் முக்கியமான தவறு, தள்ளிப்போடுவது. அன்று இரவே கால்மணி நேரம் ஒதுக்கி, அரைகுறையாக நின்ற கோடுகளைத் துலக்கி, கேட்ட பேச்சையும் நிறங்களையும் எழுதிவைக்காவிட்டால், ஒரு வாரத்தில் அந்தப் பக்கம் வெறும் கிறுக்கலாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வரையலாம் என்று திட்டமிட்டு, வாரத்தின் மற்ற நாள்களில் புத்தகத்தைத் தொடாமல் இருப்பதைவிட, காய்கறி வாங்கப் போகும் வழியில் தினமும் இருபது நிமிடம் நின்று வரைவது மேல். இது என் அனுபவத்தில் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

அச்சுக்கு அனுப்பும்போது திரையின் நிறத்தை நம்புவது அடுத்த பிழை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது; அச்சகம் நான்கு மைகளால் காட்டுகிறது. கனகாம்பரத்தின் ஒளிரும் செம்மஞ்சளை நான்கு நிற அச்சில் அப்படியே கொண்டுவர முடியாது; அது மங்கிச் செங்கல் நிறத்துக்கு இறங்கிவிடும். அதைச் சுற்றிக் குளிர்ந்த பச்சையோ மங்கிய நீலமோ வைத்துக் கண்ணுக்கு எடுப்பாகக் காட்டுவதுதான் வழி. வண்ணப் படத்தை அச்சாகும் அளவில் குறைந்தது 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என்ற அளவு), கறுப்புக் கோட்டோவியத்தை 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்யாவிட்டால் கோட்டின் விளிம்பு பல்லுப்பல்லாக வரும்.

உரிமை பற்றிய தவறைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தொடக்க காலத்தில் ஒரு நிறுவனம் கொடுத்த இரண்டு பக்க ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். ஒரு நூலின் உள்ளே வருவதற்காக வரைந்த படங்கள் பின்னர் நாள்காட்டியிலும் பையிலும் வந்தன, அதற்கென்று எனக்கு எதுவும் வரவில்லை, கேட்கவும் வழியில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக வரைந்தவரே முதல் உரிமையாளர். ஆனால் ஒருவர் பணம் கொடுத்து ஓர் ஓவியத்தையோ உருவப்படத்தையோ வரையச் சொல்லியிருந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது வரையச் சொன்னவரே உரிமையாளர் ஆகிவிடுகிறார். அதனால் வாய்ப்பேச்சு போதாது. எந்தப் படம், எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு, எந்த நாட்டுக்கு, எவ்வளவு தொகைக்கு என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது.

தெருவில் இருப்பதையெல்லாம் வரைந்து விற்கலாம் என்று நினைப்பதும் தவறு, எதையுமே வரையக் கூடாது என்று அஞ்சுவதும் தவறு. கட்டடங்களையும், பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளையும் வரைந்து வெளியிடுவதை அதே சட்டம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. மெரினாவில் 1959 முதல் நிற்கும், தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைத் தயங்காமல் வரையலாம். கண்ணகி நகர்ச் சுவர்களில் இருப்பவை போன்ற சுவரோவியங்கள் வேறு; சிலைக்குச் சொன்ன அந்த விலக்கு ஓவியத்துக்குச் சொல்லப்படவில்லை. தெருக்காட்சியின் ஒரு மூலையில் அது தெரிவது ஒன்று, அதை மட்டும் நகலெடுத்து அட்டையாக விற்பது வேறொன்று. பின்னதற்கு வரைந்தவரின் இசைவைக் கேட்க வேண்டும்.

கடைசியாக, அசல் தாள்கள். பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் உள்ளே தங்கும் ஈரத்தில் பூஞ்சை படரும். திறந்தபடி அடுக்கி வைத்தால் இராமபாணப் பூச்சி அரிக்கும். அமிலமற்ற தாள்களுக்கு இடையில் வைத்து, மூடியுள்ள அட்டைப் பெட்டியில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விடுகிறேன். பெட்டியைத் தரையிலோ அலமாரியின் கீழ்த்தட்டிலோ வைப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தரைத்தளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது, கீழ்த்தட்டில் இருந்த பதினொரு ஸ்கெட்ச் புத்தகங்களில் சாய மையால் எழுதிய குறிப்புகள் அத்தனையும் கரைந்து போயின. நிறமி மையால் வரைந்த கோடுகள், தாள் பழுத்த பின்னும் அப்படியே இருக்கின்றன.