பெரியவர்களுக்கு ஹிர்ஷ்ப்ரங் அறுவை: ஊதிய குடலைப் பார்த்து ஏமாறாதீர்கள்

சிறு வயதிலிருந்தே மலச்சிக்கல், இனிமா இல்லாமல் மலம் இறங்காது. இப்படியே முப்பது வயதை எட்டியவரின் எக்ஸ்ரேயில் பெருங்குடல் பலூன் மாதிரி ஊதியிருக்கும். கண் அங்கேதான் போகும். கோளாறு அங்கே இல்லை. அதற்குக் கீழே குறுகிக் கிடக்கும் மலக்குடலில்தான் குடலை இயக்கும் நரம்பு முடிச்சு செல்கள் பிறவியிலேயே இல்லை. இதுதான் ஹிர்ஷ்ப்ரங் நோய். அந்தக் குறுகிய பகுதி தளர்ந்து வழிவிடாததால், மேலே உள்ள நல்ல குடல் தள்ளித் தள்ளி ஊதிப்போகிறது.

ஊதியதை மட்டும் வெட்டி, மிச்சத்தை அதே மலக்குடலோடு தைத்தால் அடைப்பு இணைப்புக்குக் கீழே அப்படியே இருக்கும். தையல் கசியலாம், தப்பினாலும் மலச்சிக்கல் திரும்பிவிடும். குடல் முறுக்கிக்கொண்டு நடுராத்திரி அவசரமாக வருபவரிடம் இந்தத் தவறு எளிதில் நடக்கும். அப்போது ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் வைக்கும் திறப்பு) வைத்து, பயாப்ஸி (சோதனைக்கான திசுத் துண்டு) எடுங்கள். நிரந்தர அறுவை பிறகு. ஊதிய குடல் சுருங்கவும் அந்த இடைவெளி உதவும்.

பயாப்ஸி எடுக்கும் இடம் முக்கியம்: டென்டேட் கோட்டுக்கு (ஆசனவாய்க்குள் தோலும் சளிச்சவ்வும் சேரும் இடம்) 2 செ.மீ. மேலேயாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே எல்லோருக்குமே இந்த செல்கள் குறைவு. நோயில்லாதவருக்கும் நோய் என்று வந்துவிடும். வெறும் சளிச்சவ்வுத் துண்டு போதாது, அதற்கு அடியில் உள்ள அடுக்கும் வேண்டும். மேனோமெட்ரியை (மலக்குடலில் பலூனை ஊதி அழுத்தம் அளக்கும் சோதனை) மட்டும் நம்புவதும் ஆபத்து. விரிந்த மலக்குடலில் சிறிய பலூன் சுவரையே அழுத்தாது, ஆசனவாய்த் தசை தானாகத் தளரும் அனிச்சை இல்லை என்று பொய் சொல்லும். பேரியம் படத்துக்கு (பேரியம் கரைசலைக் குடலுக்குள் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே) முன் குடலைக் கழுவக் கூடாது. குறுகலும் விரிவும் சேரும் இடம் மறைந்துவிடும்.

அறுவைக்கு முன் சுத்தம் செய்ய வெறும் தண்ணீர் இனிமா வேண்டவே வேண்டாம். ஊதிய குடல் அதை உறிஞ்சி, ரத்தத்தில் சோடியம் சரிந்து வலிப்பு வரலாம். 0.9% சலைன் (உப்புநீர்)தான். பாஸ்பேட் இனிமாவும் உள்ளேயே தங்கி ரத்த உப்புகளைக் குலைக்கும்.

அறுவை மேசையில், ஒரே புள்ளியில் எடுத்த ஃப்ரோசன் துண்டில் (அறுவையின் நடுவே உறையவைத்துப் பார்க்கும் திசு) நரம்பு செல் தெரிந்ததும் அங்கேயே வெட்டாதீர்கள். செல் உள்ள குடலுக்கும் இல்லாத குடலுக்கும் இடையிலான எல்லை சுற்றிலும் ஒரே மட்டத்தில் இருக்காது. ஒரு பக்கம் ஏறியிருக்கும். சில செ.மீ. மேலே போய், முழு வளையமாகப் பார்ப்பதே சரி. டூஹமெல் முறையில் (1956) நல்ல குடலை மலக்குடலுக்குப் பின்னால் இறக்குவார்கள். இரண்டுக்கும் நடுச்சுவரை ஸ்டேப்ளர் (வெட்டித் தைக்கும் கருவி) உச்சிவரை பிரிக்காவிட்டால், மிஞ்சிய பையில் மலம் கெட்டித்து அடைக்கும்.

வீடு திரும்பியபின் காய்ச்சல், வயிற்று உப்புசம், நாற்றமடிக்கும் பேதி சேர்ந்து வந்தால் அது குடலழற்சியாக இருக்கலாம். சாதாரண பேதி என்று லோபெரமைடு (பேதியை நிறுத்தும் மருந்து) கொடுப்பது உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனை, சலைன் கொண்டு குடல் கழுவல், மெட்ரோனிடசோல் (கிருமிக்கொல்லி மருந்து).