நீரிழிவுக் கல்வியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீரிழிவுள்ள ஒருவர் மருத்துவரின் எதிரில் அமர்ந்திருக்கும் நேரம், ஆண்டு முழுவதையும் கூட்டினாலும், சில மணிகளைத் தாண்டுவது அரிது. மற்ற நேரமெல்லாம் எதை உண்பது, எவ்வளவு உண்பது, மருந்தை எப்போது எடுத்துக்கொள்வது என்பனவற்றை அவரே தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானங்களுக்கு வேண்டிய திறனை வளர்ப்பதே நீரிழிவுக் கல்வியின் பணி. செய்தியைச் சொல்லி முடித்ததும் கல்வியும் முடிந்ததாகக் கருதுவதுதான் இங்கு நிகழும் பல தவறுகளுக்கு வேர்.

நோயாளி தலையசைப்பதைப் புரிதலாக எடுத்துக்கொள்வது அவற்றுள் முதன்மையானது. "புரிந்ததா?" என்று கேட்டால் பலரும் கூச்சத்தினால் ஆம் என்றே சொல்வர். மாறாக, "இந்த மருந்தை வீட்டில் எப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்று சொல்லுங்கள்" எனக் கேட்டு, விடையில் குறை தென்பட்டால் விளக்கத்தை மாற்றி மீண்டும் சொல்ல வேண்டும். இங்கே சோதனைக்குள்ளாவது விளக்கியவரின் தெளிவே என்பதையும் நோயாளியிடம் சொல்லிவிடுவது நல்லது.

பட்டம் பெற்றவருக்கு எல்லாம் விளங்கும் என்ற நம்பிக்கையும் ஏமாற்றக்கூடியது. பொதுச் சுகாதார அறிஞர் டான் நட்பீம் 2000ஆம் ஆண்டில் சுகாதார அறிவுத்திறனை மூன்று நிலைகளாக வகுத்தார்: தகவலைப் படித்துப் புரிந்துகொள்வது, பிறருடன் உரையாடி அதைத் தன் சூழலுக்குப் பொருத்துவது, கிடைத்த தகவலை எடைபோட்டு முடிவெடுப்பது. முதல் நிலையில் தேர்ந்தவர்கூட, நீரிழிவு அடியோடு நீங்கிவிடும் என்று வாக்களிக்கும் விளம்பரத்தின் முன் மூன்றாம் நிலையில் தடுமாறலாம்.

உணவைப் பொறுத்தவரை, தடைப் பட்டியல் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்புவதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். பட்டியலில் இல்லாத உணவு எதிரே வரும்போது அவருக்குத் துணை எதுவும் இருப்பதில்லை. பொட்டலத்தின் ஊட்டச்சத்து அட்டவணையைப் படிக்கக் கற்றவரின் நிலை வேறு. ஒரு பரிமாறலில், அதாவது ஒருமுறை உண்பதற்கான அளவில், 20 கிராம் மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) என்று அச்சிட்டிருக்கிறது, பொட்டலத்திலோ மூன்று பரிமாறல்கள் இருக்கின்றன என்றால், முழுவதையும் உண்பவர் 60 கிராம் எடுத்துக்கொள்கிறார். 20 என்ற எண்ணை மட்டும் பார்த்து இன்சுலின் அளவைக் கணக்கிடுபவருக்கு இது சிறிய பிழை அன்று. "சர்க்கரை சேர்க்கப்படவில்லை" என்ற வாசகமும் இவ்வாறே தவறாகப் படிக்கப்படுகிறது. மாவு, பால், பழம் ஆகியவற்றில் இயல்பாகவே உள்ள மாவுச்சத்து அப்போதும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும். எனவே சர்க்கரை வரியோடு நிறுத்தாமல், மொத்த மாவுச்சத்து வரியையும் பார்க்கப் பழக்க வேண்டும்.

தாழ்சர்க்கரையை, அதாவது இரத்தச் சர்க்கரை மிகவும் குறைந்துபோவதை, ஒரு வரியில் கடந்துபோவதும் ஆபத்தானது. இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளோ எடுப்பவருக்கு இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கினால், விழுங்கக்கூடிய அளவுக்கு நினைவோடு இருக்கும்போதே 15 கிராம் அளவு விரைவில் செரிக்கும் சர்க்கரையை உட்கொண்டு, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் சோதிப்பதே பொதுவான நடைமுறை. இனிப்பு எதுவாயினும் போதும் என்று எண்ணிச் சாக்லேட்டை நாடுவோர் உண்டு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதப்படுத்துகிறது. உணவறிவு உயிரைக் காக்கும் இடம் இது.

பரிசோதனைக்கு முந்தைய சில நாள்கள் மட்டும் உணவைக் கட்டுப்படுத்துவோருக்கு, எச்பிஏ1சி என்னும் இரத்தப் பரிசோதனை ஏறத்தாழ இரண்டு மூன்று மாதங்களின் இரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிறது என்பதை எண்ணோடு சேர்த்தே விளக்க வேண்டும்.

நோய் கண்டறியப்பட்ட நாளில் எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க முயல்வதும் பயனற்றது. அன்றைய அதிர்ச்சியில் மனத்தில் தங்குவது கொஞ்சமே. ஆண்டுதோறும், சிக்கல்கள் தோன்றும்போதும், சிகிச்சையோ வாழ்க்கைச் சூழலோ மாறும்போதும் கல்வி தொடர வேண்டும். வீட்டில் சமைப்பவர் வேறொருவர் என்றால், உணவின் அளவுகளைத் தினமும் கையாள்பவர் அவர் என்பதால், அந்த அமர்வுகளுக்கு அவரையும் அழைக்க வேண்டும்.